சாலையோரச் சன்னதியில் தொலைந்த பல்லித் தலை

சான் ஹுவான்,
ஸோண்டா காற்று அடங்கிய மறுநாள்

மதிப்பிற்குரிய எதெல்வினா அத்தை அவர்களுக்கு, தங்கள் மருமகன் எலியோவின் மனைவியும் தங்கள் ஞானப்பிள்ளை ததேயோவின் தாயுமான ரோசியோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம். தங்கள் முழங்காலும் கோழிகளும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். தாங்கள் அனுப்பிய காடை ஊறுகாய் ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது. நல்ல காரியம் ஒன்று நடந்தால் திறக்கலாம் என்று ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறோம். ருசி பற்றித் தனியாக எழுதுகிறேன். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். ததேயோ தூங்கினால்தான் பேனாவைத் தொட முடிகிறது. விழித்திருந்தால் பேனாவை நக்கிவிடுகிறான்.

தாங்கள் கடிதத்தில் கேட்டது இரண்டே கேள்வி. கொர்ரேயா அம்மாளுக்கு நேர்ந்துகொண்ட தண்ணீரை வைத்தீர்களா, பிள்ளை வாயைத் திறந்தானா? வைத்தோம் அத்தை. வேண்டிய அளவுக்கு மேலேயே வைத்துவிட்டோம். அங்கேதான் வினையே.

முதலில் பிள்ளை ஏன் பேசவில்லை என்பதில் தங்கள் கருத்தை நான் மறுக்கவில்லை. 'தாயே நாள் பூரா கல்லை நக்கிட்டுத் திரிஞ்சா பிள்ளைக்கு நாக்கு எதுக்குன்னு எப்படித் தெரியும்' என்று அவனுடைய பிறந்தநாள் விருந்தில் எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். அது எங்கள் தொழில் அத்தை. புதைபடிவம் தேடும்போது பாலைவனத்தில் கிடைக்கும் துண்டு கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்போம். பழைய எலும்பு நாக்கில் ஒட்டும், கல் ஒட்டாது. படித்தவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் ததேயோ அதைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வயது முடிந்தும் அம்மா என்றுகூடச் சொல்லாமல், நாற்காலி, செருப்பு, பக்கத்து வீட்டு நாய், பாதிரியாரின் அங்கி என்று எல்லாவற்றையும் நக்கிப் பார்த்து எலும்பா இல்லையா என்று முடிவு செய்துகொண்டிருந்தான். எனக்குத் தூக்கமே போய்விட்டது. அதனால்தான், தாகத்தில் இறந்த பின்னும் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக் காப்பாற்றிய அந்தக் கொர்ரேயா அம்மாளுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னீர்களே, நானும் பல்கலைக்கழகப் படிப்பை ஓரமாக வைத்துவிட்டுச் சரி என்றேன்.

இப்போது என் பல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'ஒரே ஒரு பல்லியை எத்தனை வருஷம்மா பாப்ப, என் குளியலறையில நாலு இருக்கு, வந்து பாத்துட்டுப் போ' என்பீர்கள். தங்கள் பல்லிகள் நேற்றுப் பிறந்தவை. என்னுடையது டைனோசர்கள் தலையெடுத்த காலத்தில் அவற்றின் காலடியில் ஓடியது. மொச்சைக்கொட்டை அளவுத் தலை. அதன் பற்கள் தாடையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றனவா, உள்பக்கச் சுவரில் சாய்ந்திருக்கின்றனவா என்று தெரிந்தால் இன்றைய பல்லிகளின் கொடிவழியில் அதற்கு எந்த இடம் என்று சொல்லிவிடலாம். எங்கள் பேராசிரியர் கிரோகாவுக்கு இதில் மரியாதை கிடையாது. அவர் ஆராய்வது தட்டைத் தலை நீர்நில வாழ்விகளை. ஒவ்வொரு தலையும் கட்டில் அகலம். குட்டை வற்றினால் குட்டையோடு செத்துப்போன ஜாதி. என் கூட்டம் முட்டைக்கு ஓடு போட்டுக்கொண்டு வறண்ட மண்ணில் ஏறி ஊர்வனவாகிப் பிழைத்தது என்று நான் சொன்னால், 'உன் ஜீவனை என் ஜீவன் காலையில வாயக் கொப்புளிக்கறப்பவே முழுங்கியிருக்கும்மா' என்பார். ஆய்வுக் குழு வந்து அந்தத் தலையைப் பார்த்து ஒப்புக்கொள்ளாவிட்டால் என் ஆராய்ச்சி அதோடு முடிந்தது. மீதிக் காலம் அவருடைய கட்டில் அகலத் தலைகளுக்குப் பசை தடவ வேண்டியதுதான்.

அந்தத் தலை சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்தது. வினிகரில் இருக்கிறதே, அதே புளிப்புக் காடியில் ஊறப்போட்டால் கல் கரைந்து எலும்பு நிற்கும். அதிகம் ஊறினால் எலும்பும் கரைந்துவிடும். மலையிறங்கி அனலாய் அடித்த ஸோண்டா காற்று ஆய்வகத்தின் தகரக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போனதால், கல்லைத் தாங்கள் போன வருடம் அனுப்பிய ஊறுகாய் ஜாடியில் போட்டு (காலி ஜாடிதான், நன்றாகக் கழுவினேன்) வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிள்ளைக்கு எட்டாத ஒரே இடம் ஃப்ரிட்ஜின் மேல்பக்கம். நேர்த்திக்கடனுக்கு நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில்களும் அங்கேதான் வரிசையாக இருந்தன.

காற்று உச்சத்தில் அடித்த அன்று எனக்குத் தலை பிளந்தது. ததேயோ திரைச்சீலையை நக்கிக்கொண்டிருந்தான். எலியோ சமையலறையிலிருந்து, "மேல இருக்கறது எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய்த் தொலை," என்றேன்.

தங்கள் மருமகனைத் தங்களுக்குத் தெரியும். சொன்னதைச் செய்வான். மாலையில் சன்னதியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்து, "ஒண்ணு பாக்கி வைக்கல. ஜாடியைக் கூட வச்சுட்டேன்," என்றான்.

என் பல்லித் தலை அந்த ஜாடியில் அல்லவா இருந்தது அத்தை!

மறுநாள் விடிந்ததும் மூவரும் காரில் ஊர் எல்லைச் சன்னதிக்கு ஓடினோம். வார இறுதியில் லாரிக்காரர்கள் எல்லாரும் வந்து போயிருக்கிறார்கள். பாட்டில், ஜாடி, கேன் என்று மலை மாதிரி, எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத்தில் புழுதி. எது தண்ணீர், எது என் வாழ்க்கை என்று தெரியவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எலியோவுக்கு ஜலதோஷம், மூக்கு வேலை செய்யவில்லை. நான்தான் மண்டியிட்டு ஒவ்வொன்றாக மோந்தேன். அங்கே வைத்த தண்ணீரைத் தொடக் கூடாது, தொட்டால் வீட்டுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? தொடுகிற ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொட்டேன். அதற்குள் பெரிய மீசை வைத்த லாரிக்காரர் ஒருவர் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, செத்தவ தண்ணிய மோந்து பாக்கற? உங்க வீட்டுக் குழாய்ல வரலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எலியோ, "சுகாதாரச் சோதனைங்க," என்றான்.

அவ்வளவுதான். லாரிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "டாக்டரம்மா, அந்தப் பச்சை மூடி என்னோடது. நல்லாருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. போன தடவை கிணத்துத் தண்ணி வச்சேன், டயர் வெடிச்சிருச்சு." அவர் பின்னால் இன்னொருவர், அவர் பின்னால் ஒரு குடும்பம். வரிசை கட்டிவிட்டார்கள். நான் ஒவ்வொன்றாக மோந்து, நன்று, நன்று, சுமார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சுமார் என்று கேட்ட ஒரு பெண்மணி அழுதுவிட்டார். அவரைத் தேற்ற மறுபடி மோந்து நன்று என்றேன். "குமிழி வர்ற தண்ணி வச்சா அவளுக்கு ஏப்பம் வராதா?" என்று ஒருவர் கேட்டார். அது என் துறை இல்லை என்றேன்.

வரிசையின் கடைசியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கையில் பாட்டிலோடு ஒருவர் நின்றார். காற்று துண்டைத் தூக்கியது. பேராசிரியர் கிரோகா. நேர்த்திக்கடன் என்றாலே வகுப்பில் அரை மணி நேரம் சிரிப்பவர்.

"சார், நீங்களா?"

"நான் சும்மா... ஆய்வு. மக்கள் பழக்கவழக்கம்," என்றார். "நீ?"

"நானும் அதேதான் சார்."

"ரோசியோ, என் தட்டைத் தலைக்குக் கீழ்த்தாடை கிடைக்கலம்மா," என்று குரலை இறக்கினார். "யாருகிட்டயும் சொல்லாத."

நான் அழுதுகொண்டே என் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டும் நிலையில் அவரும் இல்லை. அவருடைய மூக்குக் கண்ணாடியைக் காற்று அடித்துக்கொண்டு போயிருந்தது. குருட்டாம்போக்கில் அவரும் மண்டியிட்டு மோந்து பார்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் அத்தை, தாங்கள் காத்திருந்தது நடந்தது. எங்கள் கையிலிருந்து நழுவிய ததேயோ பாட்டில்களை வரிசையாக நக்கிக்கொண்டே போய், ஓரத்தில் ஒரு ஜாடியின் மூடியில் நாக்கை வைத்தான். நின்றான். மறுபடி வைத்தான். என்னைத் திரும்பிப் பார்த்து, சுத்தமாக, தெளிவாக, "இன்னும்," என்றான்.

என் பிள்ளையின் முதல் வார்த்தை. ஓடிப்போய் அவனைத் தூக்கினேன். ஜாடியை மோந்தேன். காடி வாடை. எங்கள் ஜாடி. மேலே எண்ணெய் மிதந்தது. லாரிக்காரர்களின் டீசல் என்று நினைத்தேன். உள்ளே கலங்கிய நீரில் கறுப்பாக ஒரு தலை தெரிந்தது. லாரிக்காரர் உட்பட எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "இதை உன் வீட்டுல வச்சா பையன் நக்கியே முடிச்சிருவான்," என்று பேராசிரியர் ஜாடியை மார்போடு அணைத்து, கூரை போட்டாகிவிட்ட ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். அம்மாளுக்குக் கடன் நிற்கக் கூடாதென்று நாங்கள் ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கி வைத்தோம்.

இன்று குழு கூடியது. அத்தனை பாட்டில்களை நக்கியதில் ததேயோவுக்கு வயிறு சரியில்லை, என்னால் போக முடியவில்லை. பேராசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"பல்லு எங்க உக்காந்திருக்குன்னு கேட்டியேம்மா. பல்லே இல்ல. அலகு."

"அலகா சார்?"

"அலகுதான். தோல் இருக்கு, தசை இருக்கு. உலகத்துல எங்கயும் இப்படிக் கெடைச்சதில்ல. பக்கத்துலயே ஒரு முழு இலை. வட்ட வட்டமா ஆரஞ்சு நிறத்துல என்னமோ கனிமம். உன் ஜீவனை நான் தப்பா பேசிட்டேன், மன்னிச்சிரு."

குழுவில் மற்ற இருவரில் ஒருவர் மீன் பார்ப்பவர், ஒருவர் மரம் பார்ப்பவர். மரக்காரர் அந்த இலையைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினாராம். ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள். நாளைக் காலை பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். பிள்ளையும் பேசிவிட்டான், பல்லியும் பேசிவிட்டது. எல்லாம் தங்கள் ஒரு யோசனையால். இனி விருந்துகளில் தாங்கள் என்னை என்ன கேட்டாலும் நான் பதில் பேச மாட்டேன்.

மாதாவும் கொர்ரேயா அம்மாளும் தங்கள் முழங்காலுக்கு இரங்குவார்களாக. கோழிகள் குறைவின்றி முட்டையிடட்டும். எலியோவின் வணக்கமும் ததேயோவின் முத்தமும் இத்துடன். முத்தம் கொஞ்சம் ஈரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் அன்பு மருமகள்,
ரோசியோ

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு விஷயம். கொண்டாட்டத்துக்கு ரொட்டி சுடலாம் என்று அடுப்பறையிலிருக்கும் ஓவனைத் திறந்தேன். உள்ளே ஒரு ஜாடி. ததேயோ நாற்காலி போட்டு ஏறக் கற்றுக்கொண்ட அன்று, அவனால் திறக்க முடியாத இடம் என்று நானே என் ஜாடியை அங்கே மாற்றி வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல் கரைந்து, காடியின் வீரியமும் அடங்கி, மொச்சை அளவுத் தலை சுத்தமாக நிற்கிறது. பல் எல்லாம் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தேன். தங்கள் காடை ஊறுகாயைக் காணவில்லை. தாங்கள் காடையை வினிகரில் தலையோடு ஊறப்போடுவீர்களா என்றும், பிரிஞ்சி இலை ஒன்றா இரண்டா என்றும், காரட்டை வட்டமாகத்தான் நறுக்குவீர்களா என்றும் உடனே தெரிவிக்கவும். பத்திரிகைக்காரர்கள் யாராவது கூப்பிட்டால் கோழி பற்றி மட்டும் பேசவும். இன்னொரு ஜாடி இருந்தால் அதையும் அனுப்பி வைக்கவும். ததேயோ காலையிலிருந்து 'இன்னும், இன்னும்' என்கிறான். பேராசிரியரும் அதையேதான் சொல்கிறார். புது இனம் என்று நிரூபிக்க ஒரு தலை போதாதாம்.