பூட்டைப் போடவா, எடுக்கவா?

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. அங்கே எல்லோரும் சுகம்தானே? நானும் சுகம் என்றுதான் எழுதலாம். ஆனால் இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

காரைத் தூக்கி நிறுத்தும் இயந்திரத்தின் கையேட்டை இத்தாலிய மொழியிலிருந்து டச்சுக்கு மாற்றித் தரச்சொல்லி ஒரு கம்பெனி கேட்டது. மொழிபெயர்ப்பு ஆபீஸ் வைத்துக்கொண்டு ஆள் இல்லையென்று சொல்ல முடியுமா? தேடினேன். காரைப் பிரித்து மேயும் மெக்கானிக் ஒருவர், "டச்சு கேட்டா புரியும் சார், எழுதச் சொன்னா அழுகைதான் வரும்" என்றார். கடைசியில் அகப்பட்டவர் ஒரு பாட்டு டீச்சர். "ரெண்டு மொழிப் பாட்டையும் மாத்துறேன், இரும்பை மாத்த மாட்டேனா?" என்று கேட்டார். நானும் தலையாட்டித் தொலைத்தேன். கையேடு அந்தக் கம்பெனியின் டச்சுக்காரர்கள் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்று காலை டீச்சரே ஓடி வந்தார். "சார், வண்டிக்குக் கீழே போறதுக்கு முன்னாடி பூட்டைப் போடணும்னு இருக்கு. நான் எடுக்கணும்னு எழுதிட்டேன்."

பூட்டை எடுத்தால் கார் கீழே நிற்கிறவன் தலையில்தானே இறங்கும்! ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டால் மணி அடிக்குது, அடிக்குது, எடுக்க ஒரு ஜீவன் இல்லை, ஒருத்தர் விடாமல் காருக்கு அடியில் கிடக்கிறார்களோ என்று திரும்பத் திரும்ப அடித்தேன். ஒருவழியாக ஃபோர்மேன் எடுத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. டீச்சர் போனைப் பிடுங்கி டச்சில் கத்தினார். பிறகு போனைக் காதோடு அழுத்திக் கேட்டார்.

"என்னம்மா, யாருக்காவது..."

"இன்னும் யாருமே கீழே போகலையாம் சார்."

"ஏன்?"

"நாலாம் பக்கத்தையே தாண்டலையாம். வண்டியை ஏத்தும்போது கிளட்சை மெதுவா விடணும். இத்தாலிய மொழியில கிளட்சுக்கும் உடம்பு பிடிச்சு விடுறதுக்கும் ஒரே வார்த்தை. நான் மெதுவா பிடிச்சு விடணும்னு எழுதிட்டேன். யாரு யாருக்குப் பிடிச்சு விடுறதுன்னு சிரிச்சுப் புரண்டுட்டிருக்காங்களாம்."

அக்கா, ஒரு தப்புக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது இன்றுதான். இரண்டு பக்கத்தையும் திருத்தி அனுப்பிவிட்டோம். போதும். ஆபீஸை மூடிவிட்டு அத்தானின் துணிக்கடைக்கே வந்துவிடுகிறேன். சட்டைத்துணி அரை முழம் குறைந்தால் எவன் உயிரும் போகாது.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். திட்டாமல் படித்திருந்தால் உனக்கும் நன்றி.

இப்படிக்கு,
படபடப்பு அடங்காத தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு போன். "ஆம்புலன்ஸ் பிரேக் கையேடு சார், இத்தாலியன்ல இருந்து டச்சு. ஆள் இருக்காங்களா?" "இருக்காங்க"ன்னு என் வாய் சொல்லிடுச்சு அக்கா. உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா உடனே சொல்லு.