ஆதாரப்பூர்வமான பச்சை

அந்தமானில் ரயில் கிடையாது. தண்டவாளம் கிடையாது, ஸ்டேஷன் கிடையாது, டிக்கெட் பரிசோதகரைக் கண்டதும் கழிவறைக்குள் ஒளிந்துகொள்ளும் பாக்கியமும் இல்லை. ஆகவே ரயில் எஞ்சினின் நிறம் என்ன என்ற கேள்வி இந்தத் தீவில் யாருடைய தூக்கத்தையும் கெடுத்திருக்க நியாயமில்லை. ஆனாலும் தீவு மரபுக் காட்சியக அலுவலகத்தின் தலைமை எழுத்தர் திரு. ஜெகநாதனின் தூக்கத்தை அது எட்டு மாதம் கெடுத்தது. அதற்குக் காரணம் வேறு யாருமல்ல, அவரேதான்.

குட்வில் எஸ்டேட்டில் இருந்த தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை மூன்று வருடம் ஆக்கிரமித்து, முன்னொரு காலத்தில் இதே தீவில் காட்டிலிருந்து மரக்கட்டைகளை இழுத்து வந்த சின்ன நீராவி எஞ்சின் ஒன்றின் மாதிரியை அவர் செய்திருந்தார். இரண்டடி நீளம். தகரம், பித்தளை, குக்கர் மூடி ஒன்று. மூடி போன விதம் குறித்து மனைவி வைஜெயந்தி கேட்ட விளக்கம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. காட்சியகத்தின் புதிய கூடம் ஜனவரியில் திறப்பு. இயக்குநர் அருண்பிரசாத் இந்த மாதிரிக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி ஒதுக்கியிருந்தார். பெட்டியின் கீழே பித்தளைத் தகடு: 'உருவாக்கியவர்: ப. ஜெகநாதன்.' முப்பத்தொரு வருட சர்வீஸில் அவர் பெயர் அச்சேறியது இடமாற்ற உத்தரவுகளில் மட்டும்தான். அதிலும் இரண்டு முறை வேறு யாரோ ஒருவரின் பெயராக. அந்தத் தகட்டுக்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார், வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பதைத் தவிர.

எஞ்சினுக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம், அதுவும் கறுப்பு வெள்ளை. பேசாமல் கறுப்பை அடித்து வைத்திருந்தால் ஈ காக்கை கேட்டிருக்காது. ஆனால் ஜெகநாதன் பிறவி எழுத்தர். தம் சொந்தப் பொழுதுபோக்குக்கும் தாமே ஒரு கோப்பு திறந்து, முதல் பக்கத்திலேயே எழுதினார்: 'வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த மேற்படி எஞ்சினுக்கு, எழுத்துபூர்வமான ஆதாரமின்றி எந்நிறமும் பூசலாகாது என்பது பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது.' வாக்கியம் அழகாக அமைந்துவிட்டது. இயக்குநர் அதன் கீழே 'ஆம்' என்று கையெழுத்திட்டார். ஆக, சொந்தக் கையால் செய்த பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கும் உரிமை அன்று மாலை நான்கரை மணிக்கு ஜெகநாதனின் கையை விட்டுப் போனது.

உடனே மெயின்லேண்டில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் தயாரானது. அவர்கள் பதில் எழுதச் சிரமப்படக் கூடாதே என்று அவரே ஒரு வரி சேர்த்தார்: 'இதன் நிறம் அடர் பச்சையாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.'

நகலை வாங்கிப் படித்த வைஜெயந்தி கேட்டாள். "யாருங்க கருதுறது?"

"நான்தான். குளிக்கும்போது தோணுச்சு."

"அப்போ 'கருதுறேன்'னு எழுத வேண்டியதுதானே?"

"அப்படி எழுதினா யாரு மதிப்பா?"

கடிதம் போயிற்று. மாதக்கணக்கில் பதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் உண்மை குறுக்கே வந்து தொலைந்தது.

ஜங்லிகாட்டில் டிங்கிப் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர் அல்போன்ஸ். தூரிகை வாங்கப் போன இடத்தில் ஜெகநாதன் பேச்சுவாக்கில் எஞ்சினைப் பற்றிச் சொல்ல, அல்போன்ஸ் சிரித்துவிட்டார்.

"அந்த எஞ்சினா? கடைசியா அதுக்குப் பெயிண்ட் அடிச்சதே எங்கப்பா மார்ட்டின்தான் சார்."

ஜெகநாதன் தூரிகையைக் கீழே வைத்தார். "என்ன கலர்?"

"கப்பல்ல என்ன வருதோ அதான் கலர். இங்க வேற என்ன கணக்கு? அந்த வருசம் படகுக்கு வந்த சிவப்பு கொஞ்சம் மிச்சம், ஆபீஸ் சுவத்துக்கு வந்த சாம்பல் கொஞ்சம் மிச்சம். ரெண்டையும் ஒரே டப்பால ஊத்திக் கலக்கி அடிச்சாரு. அது சிவப்பும் இல்ல, செங்கலும் இல்ல. அப்பவும் மிஞ்சினதை எங்க வீட்டு ஜன்னல்ல அடிச்சாரு. வாங்க, காட்டுதேன்."

ஜன்னல் இருந்தது. மேலே நீலம். பேனாக்கத்தியால் சுரண்டினால் மஞ்சள், அதற்கும் கீழே, மரத்தை ஒட்டி, அந்த மங்கிய சிவப்பு. ஜெகநாதன் அதைத் தொட்டுப் பார்த்தார். இதுதான் என்று மனசு அடித்துச் சொன்னது. சுரண்டியதில் ஒரு செதிளைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் இயக்குநர் தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"ஜெகநாதன் ஜி, இதோட காகஜ் எங்கே? காகிதம்?"

"காகஜ் இல்ல சார். ஜன்னல்."

"ஜன்னலுக்குக் கடித எண் உண்டா? தேதி?"

"இல்ல சார். ஆனா அடிச்சவரோட மகனே சொல்றார்."

"எழுத்துபூர்வமான ஆதாரம்னு எழுதினது யாரு, நானா?"

ஜெகநாதன் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பி, தம் கையாலேயே கோப்பில் குறிப்பு எழுதினார்: 'ஜன்னல் பரிசீலிக்கப்பட்டது. ஏற்பதற்கில்லை.' எழுதும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கையெழுத்து எப்போதும்போல் அழகாகவே விழுந்தது.

திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மெயின்லேண்ட் பதில் வந்து சேர்ந்தது. 'தாங்கள் குறிப்பிடும் எஞ்சின் அடர் பச்சை நிறமுடையது என ஆவணங்களிலிருந்து தெரியவருகிறது.' அலுவலகமே கைதட்டியது. இயக்குநர் இனிப்புக்குச் சொல்லியனுப்பினார். ஜெகநாதன் மட்டும் கடிதத்தின் அடியில் இருந்த 'ஆவணம்' என்ற வரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரே ஒரு கடித எண் இருந்தது. அந்த எண்ணை எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதே என்று அனுப்புகைப் பதிவேட்டைப் புரட்டினார். அது அவர் எழுதிய கடிதத்தின் எண். குளியலறையில் அவருக்குத் தோன்றியது கடல் தாண்டிப் போய், வரலாறாகித் திரும்பியிருந்தது.

மனுஷன் கெட்டவர் இல்லை. நேரே இயக்குநர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

"சார், அவங்க ஆதாரமாக் காட்டுறது நம்ம லெட்டரைத்தான். அதுல இருக்கறது என் ஊகம்."

அருண்பிரசாத் நிதானமாகக் கேட்டார். "நம்ம லெட்டரை அவங்க ஃபைல்ல சேர்த்தாங்களா?"

"சேர்த்திருக்காங்க."

"அப்போ அது ஊகம் இல்லே, அவங்களோட ரெக்கார்ட். அவங்க ரெக்கார்டைச் சந்தேகப்பட நாம யாரு?"

"ஆனா உண்மையில சிவப்பு சார்..."

"பேஷா சிவப்பு அடிங்க. ஆதாரம் இல்லாததைப் பெட்டியில வைக்க முடியாதுன்னு உங்க குறிப்பே இருக்கு. பெட்டி காலியா இருக்கும். காலிப் பெட்டிக்குக் கீழே பேர் போட முடியுமா, சொல்லுங்க."

தகடு ஏற்கெனவே செதுக்கி வந்து மேஜைமேல் இருந்தது. இந்த முறை பெயரில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

எஞ்சினுக்கு அல்போன்ஸ்தான் பெயிண்ட் அடித்தார். "பச்சையா சார்?" என்று ஒரு தடவை கேட்டார். "பச்சைதான்" என்றார் ஜெகநாதன், எங்கோ பார்த்துக்கொண்டு. சொன்ன நிறத்தை அடிப்பது அவர் தொழில்.

விழா பிரமாதம். வந்த பெரிய அதிகாரி பெட்டியின் முன் நின்று, "அந்தக் காலத்துப் பச்சைக்கு ஒரு கம்பீரம் உண்டு" என்று நெகிழ்ந்தார். பத்திரிகையில் படம் வந்தது. அதற்குப் பிறகு ஊருக்கே பச்சைப் பைத்தியம் பிடித்தது. ஓர் ஓட்டல் வாசற்கதவுக்கு 'மரபுப் பச்சை' அடித்தது. ஜங்லிகாட்டில் மூன்று ஆட்டோக்கள் பச்சைக்கு மாறின. புரோத்ராபூரில் ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்துவிட்டு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் நிறம் கலக்கிக் கொடுத்தது அல்போன்ஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அல்போன்ஸ் மனைவி லூசியுடன் காட்சியகத்துக்கு வந்தார். அன்று பணியில் ஜெகநாதன். அல்போன்ஸ் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றார். கீழே இருந்த விவரத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு சங்கடத்தோடு ஜெகநாதன் பக்கம் வந்தார்.

"மன்னிச்சிருங்க சார். அன்னிக்குச் சிவப்புன்னு உங்களை வீணா அலைய விட்டுட்டேன். எங்கப்பா பொய் சொல்ற ஆளு இல்ல. வயசான காலத்துல மறந்திருப்பாரு, பாவம்."

"அந்த ஜன்னல்..." என்று ஆரம்பித்தார் ஜெகநாதன்.

"அது வேற ஏதோ டப்பாவா இருக்கும் சார்."

"நான் இவர்ட்ட அப்பவே சொன்னேன்," என்றாள் லூசி. "கவர்ன்மென்ட் சும்மா எழுதிப் போடுமா சார்?"

செத்துப்போன மார்ட்டினின் நினைவுக்காகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூடத்தில் அவர்கள் மூன்று பேர் மட்டும்தான் இருந்தார்கள். ஜெகநாதன் வாயைத் திறந்தார். எதிரே பித்தளையில் அவர் பெயர் பளபளவென்று இருந்தது.

"போடாதும்மா," என்றார்.