காஜா பெராங்கில் வெடித்த ரொட்டி மாவு

நாலு பேர் நம் தோசையைப் புகழ்ந்தால், கேட்டுக்கொண்டு பேசாமல் அடுத்த தோசையை ஊற்ற வேண்டும். அதற்கு மேல் யோசிக்கக் கூடாது. நான் யோசித்தேன். எங்கள் குடும்பத்தில் போலீஸ் நிலையம்வரை போய் வந்த ஒரே ஆள் என்ற பெருமை எனக்குக் கிடைத்தது அதனால்தான்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த நேரம். கல்யாணமாகிக் காஜா பெராங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. அங்கே மேனேஜர், டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு துரை. அவரும் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். துரைசானி முன்னாலேயே கப்பலேறிவிட்டார். போகும்போது ஒரு டின் ரை மாவையும், அதைப் புளிக்க வைக்கும் தாய்மாவைக் கண்ணாடி ஜாடியிலும் விட்டுப் போயிருந்தார். (ரை என்பது கோதுமைக்கு ஒன்றுவிட்ட தம்பி. நிறம் கறுப்பு, குணம் முரடு.) தவிட்டோடு அரைத்த அந்த மாவில் சுட்ட புளிப்பு ரொட்டி இல்லாமல் துரைக்குச் சாப்பாடே இறங்கவில்லையாம். பங்களா சமையல்காரரோ அந்த வாடைக்கே தூர ஓடுகிறாராம்.

வீட்டுக்காரர் இதைச் சும்மா கதையாகத்தான் சொன்னார். எனக்குள் கணக்கு ஓடியது. பெரிய கிராணி வேலை காலியாகப் போகிறது. போகிற துரை கைகாட்டும் ஆளுக்குத்தான் அது. தினம் மாவு புளிக்க வைக்கிறவள் நான். டென்மார்க் மாவுக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கும்?

"அந்த ஜாடிய இங்க கொண்டாங்க. நான் சுட்டுத் தரேன்," என்றேன்.

"அது தோசை மாவு இல்ல தனம்."

"புளிக்கிறதெல்லாம் ஒரே சாதிதாங்க."

மறுநாள் ஜாடியும் டின்னும் வந்து சேர்ந்தன. தாய்மாவுக்கு அவ்வப்போது கொஞ்சம் மாவும் தண்ணீரும் கொடுக்க வேண்டும், மூடியை மட்டும் இறுக்கவே கூடாது என்று துரை சொல்லியனுப்பியிருந்தார். வீட்டுக்காரர் அதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். நானும் தலையாட்டினேன்.

ஜாடியைத் திறந்தால் கள்ளும் பழைய சோறும் கலந்த மாதிரி ஒரு வாசனை. உள்ளே சாம்பல் நிறத்தில் சோர்ந்து கிடந்தது. (குளிர் தேசத்துப் பிள்ளை, வெயிலுக்கு வாடிப்போச்சு போலிருக்கு.) எனக்கு மனசு கேட்கவில்லை. அதில் பாதியை ஒரு எனாமல் சட்டிக்கு மாற்றித் தட்டால் மூடி வைத்தேன். ஜாடியில் இருந்ததற்கு மாவைத் தாராளமாகப் போட்டு, நம் ஊர்ச் சாப்பாடும் கொஞ்சம் பழகட்டும் என்று குலா மலாக்கா வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். எறும்பு ஏறாமல் இருக்க மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். தகரக் கூரைக்கு நேர் கீழே, அடுப்படி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் வெயில் ஏறியதும் கொல்லைப்பக்கம் துணி காயப்போடப் போனேன்.

கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் இன்னும் முடியாத நாட்கள் அவை. தெருவில் சைக்கிள் டயர் வெடித்தாலே ஆளாளுக்குக் குனிவார்கள். என் ஜாடி வெடித்த சத்தத்துக்கு எங்கள் வீட்டு வரிசையே தரையில் படுத்தது. நானும் ஈர வேட்டியோடு படுத்தேன், வெடித்தது என் வீடுதான் என்று தெரியாமல்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, ஒரு தமிழ் சார்ஜனும் ஒரு மலாய்க் கான்ஸ்டபிளும் துப்பாக்கியோடு வந்துவிட்டார்கள். அடுப்படியில் குண்டு இல்லை. சுவரெல்லாம் பழுப்பு நிறக் கூழ் வழிந்துகொண்டிருந்தது. முருகன் முகம் தெரியவில்லை, வேல் மட்டும் தெரிந்தது. சார்ஜன் மூக்கை உறிஞ்சினார். ஜாடிச் சில்லைப் பார்த்தார், வெல்லத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளா வீட்ல சம்சு காய்ச்சறீங்க?"

சம்சு என்றால் திருட்டுச் சாராயம். அது ரொட்டிக்கு என்றேன். சாராய வாடையோடு எந்த ஊரில் ரொட்டி என்றார். எனாமல் சட்டிதான் சாட்சிப் பொருள். அதை என்னையே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். தெரு முழுக்க வாசலில் நிற்க, நான் பால்குடம் எடுப்பவளைப் போலச் சட்டியை ஏந்திக்கொண்டு போலீஸ் வண்டியில் ஏறினேன்.

நிலையத்தில் விசாரணை ஆரம்பித்தது.

"இது என்னா?"

"ரைங்க."

"ரைனா யாரு? அவன் எங்க இருக்கான்?"

ரை ஆள் இல்லை என்று விளக்க முயன்றேன். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காத நெஞ்சழுத்தக்காரி என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

சேதி கம்பெனிக்கு எட்டி, துரையின் காரிலேயே வீட்டுக்காரர் வந்து இறங்கினார். பெரிய கிராணி நாற்காலி கண் முன்னாலேயே பறந்து போவது அவர் முகத்தில் தெரிந்தது. துரை என்னையும் பார்க்கவில்லை, சார்ஜனையும் பார்க்கவில்லை. நேரே சட்டிக்குப் போய், விரலை விட்டு நக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தள்ளாடுகிறாரா என்று சார்ஜன் கவனமாகப் பார்த்தார். துரை தள்ளாடவில்லை. இது தன் ரொட்டி மாவு என்று மலாயில் சொன்னார். அப்படியானால் சுட்டுக் காட்டட்டும் என்றார் சார்ஜன்.

அன்று மாலையே, வீட்டில் கான்ஸ்டபிள் காவலிருக்க, சட்டித் தாய்மாவோடு டின்னில் மிச்சமிருந்த மாவைப் பிசைந்தேன். சப்பாத்தி மாவு என்றால் உருண்டு திரளும். இது ஊறின களிமண். விரலில் ஒட்டி, வளையலில் ஒட்டி, உதவிக்கு வந்த கான்ஸ்டபிளின் சட்டைப் பித்தானையும் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் ரொட்டி சுடும் அடுப்பு ஏது? பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாள் (மாக்சிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவேன்; மலாய்தான் பேசுவார்) கேக் சுடும் தகரப்பெட்டி வைத்திருந்தார். கீழேயும் மேலேயும் கரி நெருப்பு. மறுநாள் காலை அதில் வைத்தோம். உள்ளே வேகாதோ என்ற பயத்தில் நான் கரியை அள்ளி அள்ளிப் போட்டேன்.

வெளியே எடுத்ததும் மாக்சிக் அதைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். டங் என்றது.

"இனி ரோத்தி கா, பாத்து கா?"

ரொட்டியா கல்லா என்று கேட்டார். நானும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். துரையும் சார்ஜனும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு நாள் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றார் துரை. சார்ஜனுக்குப் பொறுமையில்லை. மேலே ரம்பத்தால் அறுக்கிற மாதிரி அறுத்தார். உள்ளே போன கத்தி சேறு பூசிக்கொண்டு வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கான்ஸ்டபிள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதத் தின்னு எவனும் மயங்க மாட்டான்," என்றார் கடைசியில். "கேஸ் இல்ல."

மிச்ச ரொட்டியைத் துரை துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். தன் மனைவி சுடுவதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அது பாராட்டா, துரைசானியைப் பற்றிய வருத்தமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் கப்பலேறுவதற்கு முன் என் வீட்டுக்காரரைப் பெரிய கிராணியாக்கிவிட்டுத்தான் போனார். என் ரொட்டிதான் காரணம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இவளோடு குடித்தனம் நடத்துகிறவன் எதையும் சமாளிப்பான் என்று துரை நினைத்திருப்பார் என்பது வீட்டுக்காரரின் கட்சி. குடும்பத்தில் எல்லா ஓட்டும் அவருக்குத்தான் விழுந்தது.

பல வருஷம் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க உஜோங் பாசிரிலிருந்து வந்திருந்தார்கள். பையனின் அம்மா மெதுவாக, பெண்ணுக்குச் சமையல் எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"அம்மாகிட்டதான் கத்துக்கிட்டா. ஆனா போலீஸ் வர்ற அளவுக்கு இன்னும் சுடலிங்க."