ஈரத்துண்டும் நானோ இழையும்

தென்காசியில் குடியிருப்பவனுக்குத் தன் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்பது குற்றாலத்தில் தண்ணீர் விழுந்த பிறகுதான் தெரியும். எனக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்தும், என் தலையெழுத்தைத் தீர்மானிக்கவேண்டிய நாளைச் சீசனில் வைத்தேன். (என்னை ஊரில் படித்தவன் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.)

ஓசூர் வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் நானோ இழை நூற்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தேன். பஞ்சு மிட்டாய் சுற்றுகிற வித்தைதான். பாகுக்குப் பதில் தண்ணீரில் கரைத்த பாலிமர். ஓட்டை போட்ட கிண்ணம் படுவேகமாகச் சுற்றும், கரைசல் தெறிக்கும், தண்ணீர் காற்றிலேயே காய்ந்து, முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை சுற்றிலும் படியும். மிக்ஸி மோட்டாரில் செய்த சின்ன இயந்திரம் சித்திரை வெயிலில் பிரமாதமாக நூற்றது. அந்தத் தைரியத்தில் அண்டா அளவுக்கு ஒன்று செய்தேன்.

கோயம்புத்தூரில் முகக்கவசம் தயாரிக்கும் ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் ஆர்டர் கொடுத்தால் நானும் என் மனைவி செல்வியும் ஊரிலேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் மறுபடியும் ஓசூர்.

"சீசன்ல வாங்க சார், அப்படியே அருவியிலயும் குளிச்சிரலாம்" என்று அழைத்தது சாட்சாத் நான்தான்.

அன்று காலையிலிருந்தே சாரல். ஷெட்டின் ஜன்னல்களைச் சாத்தி, ஹீட்டர் போட்டு, உள்ளே காற்றைக் காயவைத்துவிட்டு ரயிலடிக்குப் போனேன். விருந்தாளியோடு திரும்பிவந்து கதவைத் திறந்தால், குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி ஈரத்துண்டுகள். செல்வியின் வாசுதேவநல்லூர் சொந்தம் முழுக்க மெயினருவியில் குளித்துவிட்டு வந்திருந்தது. நடுவில் என் மாமனார், ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர், கடைசித் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, வெளிய ஒண்ணும் காய மாட்டேங்கு. இங்கன நல்லா சூடா இருக்குல்லா?"

"மாமா, அது வந்து..."

"நீங்க ஒங்க சோலியப் பாருங்க. துண்டு ஒங்கள என்ன செய்யுது?"

ரவுடிகளே நடுங்கிய மீசை அது. சுவிட்சைப் போட்டேன்.

இழை கிளம்பத்தான் செய்தது. ஆனால் அந்த ஈரக் காற்றில் காயவில்லை. பாதி சொட்டுச் சொட்டாகச் சுவரில் வழிந்தது. மீதி பிசுபிசுவென்று துண்டுகளில் ஒட்டடை கட்டியது. கோயம்புத்தூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இன்னும் மங்கியது.

"ஏந்தம்பி, இது நூலுங்களா, பசைங்களா?"

முகத்தில் தெறித்ததைத் துடைக்க மாமா ஒரு துண்டை உருவி அழுத்தித் துடைத்துக்கொண்டு, ஹீட்டர் பக்கம் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் ஓர் அலறல்.

"ஏட்டி செல்வி! மீச அசைய மாட்டேங்கு!"

கஞ்சி போட்ட காக்கிச் சட்டை மாதிரி விறைத்து நின்றது மீசை. செல்வி வெந்நீரோடு ஓடிவந்தாள். விருந்தாளி குலுங்கிச் சிரிக்க, மாமாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"யப்பா, சிரிக்காதிய, மீச முறிஞ்சிரும்!" என்றாள் அவள்.

சாப்பாட்டில் விருந்தாளி தேங்காய்ப்பால் சொதியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆவணியில் நாங்கள் ஓசூருக்கு மூட்டை கட்டினோம். இன்றைக்கு அங்கே, காற்றின் ஈரத்தை நீக்கிய அறைக்குள், யாரோ ஒரு முதலாளிக்காக என் இயந்திரம் ஒழுங்காக நூற்கிறது. வேலையில் குறையில்லை. ஊர்தான் இல்லை.

சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாமா என்னை இழுத்துப் பிடித்து அறிமுகம் செய்வார்: "இவுக நம்ம மாப்ள. போலீஸ் மீசயவே அரெஸ்ட் பண்ணுன ஆளு!" பந்தியே சிரிக்கும். நானும்தான்.

நாங்கள் ஓசூருக்குக் கிளம்பும்போது மட்டும், காரில் ஏறிவிட்ட தன் மகளைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் மெதுவாகக் கேட்பார்:

"துண்ட எடுங்க மாமான்னு அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மாப்ள?"