நான்காம் பக்கம் வந்து சேரவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம். உன் மகள் பட்டாணி மிக நலம். அப்பா, சொல்லப்போனால், தேவைக்கு அதிகமாகவே நலம். என் நலத்தை யாரும் விசாரிக்கவில்லை என்பதால் அதைக் கடிதத்தின் பிற்பகுதியில் நானே எழுதிக்கொள்கிறேன். உன் மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி நல்லபடியாக நடக்கிறதா, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கப்பலில் இருக்கும் அத்தானிடம் பேசினால் எங்கள் அன்பைத் தெரிவிக்கவும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போன் இப்போது பட்டாணியின் கையில், ஸ்பீக்கரில் இருக்கிறது. நான் சொல்லப்போவதோ அந்த ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மூன்று பேரைப் பற்றி.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து உன் மகளை அழைத்துக்கொண்டு போய்விடு. உனக்குப் பயிற்சி இன்னும் இரண்டு வாரம் பாக்கி என்று தெரியும். என்னால் இனி ஒரு நாள்கூட முடியாது. ஐந்து வயதுக் குழந்தையைப் பற்றி இருபத்துநான்கு வயதுக்காரி இப்படி எழுதுவது அசிங்கம்தான். அசிங்கத்தை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவளை விட்டுவிட்டுப் போன அன்று, துணிப்பைக்குள் உன் வகுப்பில் கொடுத்த பிள்ளை வளர்ப்புக் குறிப்புகளை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாய் அல்லவா? இந்த வீட்டில் காகிதம் என்று எது வந்தாலும், மருந்துச் சீட்டோ பத்திரிகையோ, "பட்டம் வாங்கினவ நீதானே" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்தேன். பிள்ளையிடம் பேசும்போது அதன் கண் மட்டத்துக்கு இறங்கிப் பேச வேண்டும். "கூடாது" என்று சொல்லாமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். தினமும் மாலையில், இன்று உனக்குப் பிடித்தது எது என்று கேட்க வேண்டும். "கெட்டிக்காரி" என்று பொதுவாகப் பாராட்டக் கூடாது, நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். அதன் மனதில் இருப்பது கோபமா வருத்தமா என்று பெயர் வைத்துக் கேட்க வேண்டும். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி, "இப்படிக் கேட்ட பிறகு பிள்ளை அழத் தொடங்கினால்" என்று முடிந்தது. திருப்பினால் ஐந்தாம் பக்கம், காய்கறிப் பட்டியல். நான்காம் பக்கத்தை ஜெராக்ஸ் கடையிலேயே விட்டுவிட்டாய்.

அம்மாவுக்கு அங்கேயே கோபம் ஏறிவிட்டது. அழுகிற பிள்ளையை என்ன செய்வது என்று நாலாம் பக்கம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, இரண்டு பெண்களை வளர்த்தவளுக்கு இப்போது காகிதத்தில் பாடமா, நம் இருவரையும் அடித்து வளர்த்ததில் எந்த உறுப்பு குறைந்துபோனது என்று கேட்டாள். அப்பா எப்போதும்போல் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "மிக்ஸி வாங்கினாத்தான் இந்த மாதிரி புஸ்தகம் குடுப்பாங்க. புள்ளைக்குமா குடுக்குறாங்க?" இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

மறுநாள் காலை பட்டாணி குளிக்க மாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அம்மா கையை ஓங்கிக்கொண்டு போனாள். அப்பா, டயர் கடை திறக்க நேரமாகிறதே என்ற அவசரத்தில், வேறு வழி தெரியாமல் அவள் முன்னால் மண்டியிட்டு, "செவப்பு வாளியா, நீல வாளியா?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து "நீலம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான் அக்கா, அப்பா கட்சி மாறிவிட்டார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே. ஒரு கருவி வேலை செய்கிறதா என்பதுதான் அவருக்குப் பேச்சு, யார் செய்தது என்பதில்லை. மூன்று பக்கங்களையும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கடையில் ஸ்பானர் மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம், "ட்யூப் மாத்தலாமா, டயரே மாத்திரலாமா?" என்கிறார். மாற்றவே வேண்டாம் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. ஒருநாள் அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்ததும் அருகே போய், "நீ கோபமா இருக்கேன்னு எனக்குப் புரியுது" என்றார். அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்து எத்தனை நாள் ஆகிறது என்று விசாரித்தாள்.

அம்மா மட்டும் பழைய கட்சியில் தனியாக நிற்கிறாள். ஊட்டிவிடக் கூடாது, பிள்ளை தானாகச் சாப்பிட வேண்டும் என்பது உன் சட்டம். ஆகவே அப்பாவின் கண்ணுக்கு எதிரில் பட்டாணி தானாக மூன்று பருக்கை சாப்பிடுவாள். அப்புறம் அம்மா அவளைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய் அரைத் தட்டுச் சாதத்தை உருட்டி உள்ளே தள்ளுவாள். மாலையில் அப்பா, "இன்னிக்கு உனக்குப் புடிச்சது எது?" என்று கேட்டால், "மெஷினுக்குப் பின்னாடி பாட்டி ஊட்டினது" என்று உன் மகள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அதைத் தொடர்ந்து இவர்கள் இருவருக்கும் அரைமணி நேரம் விவாதம். எப்படிப் பிள்ளை வளர்ப்பது என்று முப்பது வருடத்தில் இவர்கள் இப்போதுதான் பேசுகிறார்கள். நம் இருவரையும் பேச்சுவார்த்தை இல்லாமலேயே வளர்த்து முடித்திருக்கிறார்கள்.

இப்போது என் நலத்துக்கு வருகிறேன். அக்கா, சக்கரத்துக்கு முன்னால் நாள் முழுக்க மண்டியிடுகிற மனிதர் அப்பா. சின்ன வயதில் நான் சக்கரங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். வால்வு கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்பார், எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். நான் பள்ளியில் முதலாவதாக வந்த அன்று நீ வீட்டில் இல்லை, உனக்கு இது தெரியாது. மதிப்பெண் பட்டியலோடு ஓடி வந்தேன். அப்பா ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். கால்களிடம்தான் சொன்னேன். பிறகு வேனுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. பாராட்டத்தான் நீட்டுகிறார் என்று நினைத்து அதைப் பிடித்துக் குலுக்கினேன். "அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். என் பள்ளிப் படிப்பின் பாராட்டு விழா அத்தோடு முடிந்தது.

அதே மனிதர்தான் போன வாரம் பட்டாணி செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றதற்கு, மண்டியிட்டு, "வாரை நீயே இழுத்து மாட்டினே, நான் பாத்தேன்" என்றார். செருப்பு மாறியிருக்கிறது அக்கா! நான் பக்கத்திலேயே என் செருப்பைச் சரியான கால்களில் போட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். இருபது வருடமாகச் சரியாகத்தான் போடுகிறேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலில் நான் இரண்டு வருடமாகத் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா? பட்டாணி வந்த மூன்றாம் நாள், என்னை நிரந்தரமாக்கி ஆணை கொடுத்தார்கள். இந்தக் குடும்பத்தில் நிரந்தரம் என்று எழுதி முத்திரை குத்திய காகிதம் இதற்கு முன் வந்ததில்லை. நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். உன் குறிப்பில்தான் இருக்கிறதே, மாலையில் கேட்பார்கள். பட்டாணியிடம் கேட்டு முடித்ததும் பேச்சோடு பேச்சாக என்னிடமும் கேட்பார்கள், அப்போது எடுத்து நீட்டலாம் என்று அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நானாக எப்படிச் சொல்வது? என் வாய் உனக்குத் தெரியும். ஜன்னல் கண்ணாடியில் பேசுவதற்கென்றே ஓட்டை இருந்தும் எனக்குப் பேச்சு வராது. முதல் நாள் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். "ஏன்டி, புள்ள மேல சாயாம அங்கிட்டு உக்காரு" என்றாள் அம்மா.

நான்காம் நாள், யார் கண்ணிலாவது படட்டும் என்று ஆணையைப் பிரித்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் காந்தம் மட்டும் இருக்கிறது. உன் மகள் அதைக் கழற்றி, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று தாத்தாவின் கடையைப் படம் வரைந்திருக்கிறாள். படம் என்றால் ஏழு வட்டம். அப்பா மண்டியிட்டு, "ஏழு டயரு போட்டிருக்கே. இந்த ஒண்ணுல மட்டும் காத்து கம்மியா இருக்கு, அதையும் கவனிச்சிருக்கே" என்று கண்டதைச் சொல்லிப் பாராட்டி, பஞ்சர் ஒட்டும் பசையைத் தடவி அதைக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். படம் வெளியே, ஆணை சுவர்ப் பக்கம். ஒரு வாரமாக என் நிரந்தரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வருகிற டிரைவர்களுக்கெல்லாம் பேத்தி வரைந்தது என்று காட்டுகிறார். எனக்கு அலுவலகத்தில் நகல் கேட்கக் கூச்சம், அப்பாவிடம் சொல்ல அதைவிடக் கூச்சம்.

உன் குறிப்பில் முகங்கள் அச்சடித்திருந்த தாளைப் பட்டாணி தினமும் காலையில் எடுத்துக்கொண்டு வந்து, யாருக்கு எந்த முகம் என்று எங்களைத் தொட்டுக் காட்டச் சொல்வாள். சிரிப்பு, அழுகை, கோபம், பயம், நான்குதான். நேற்று என் முறை வந்தபோது அவளே தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சித்தி, உங்க மூஞ்சி இதுல இல்ல" என்றாள். அக்கா, ஐந்து வயதில் இவ்வளவு கவனிப்பா? நான்தான் இந்த வீட்டில் கவனிக்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டாள்.

ஆகவே வந்துவிடு. உன் வளர்ப்பு முறை தவறு என்று நான் சொல்லவில்லை, அம்மா சொல்கிறாள். அது சரியானதுதான். அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. தவறாக இருந்திருந்தால் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அத்தானின் கப்பல் அலையில்லாத கடலில் போகட்டும். உன் பயிற்சியில் நீ முதலாவதாக வா, வந்ததும் கால்களிடம் போய்ச் சொல்லாதே. பெரியவர்கள் இருவரும் ஆசி சொல்லச் சொன்னார்கள். பட்டாணியின் முத்தம் ஒன்று இந்த மூலையில் ஈரமாக இருக்கிறது, எழுத்து கலைந்திருந்தால் அதுதான் காரணம்.

என்றும் உன் அன்புத் தங்கை

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறையை ஒட்டப் பசை வேண்டுமே என்று கடைக்குப் போனேன். சுவரில் ஆணை தெரிந்தது. அப்பா மேல்முனையில் மட்டும்தான் பசை தடவியிருக்கிறார். காற்றடிக்கும் குழாயின் காற்று பட்டுக் காகிதம் மேலே புரண்டிருக்கிறது. டயர் மாற்ற வந்த ஒரு வேன் டிரைவர், யாருக்கு வேலை நிரந்தரமாயிற்று என்று கேட்டிருக்கிறார். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார், இரண்டு தடவை. என்னைப் பார்த்ததும் நேராக எழுந்து வந்தார். நான் அவரைவிட நாலு விரல் உயரம், கண் மட்டம் சரியாக வரவில்லை. என்னை இரண்டு டயர் அடுக்கி அதன் மேல் உட்கார வைத்தார். அவர் மண்டியிட்டால் ரொம்பக் கீழே போய்விட்டார். கடைசியில் ஒரு கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆணியில் தொங்கிய தாளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "நீ இப்பக் கோபமா இருக்கியா, வருத்தமா இருக்கியா?" என்றார். ரெண்டும் இல்லைப்பா என்றேன். மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு வேனுக்கு அடியிலருந்து உன் செருப்பைப் பாத்தேன்" என்றார். "ஒரு வாரு அறுந்து ஊக்கு குத்தியிருந்தே. அதோடயே ஓடி வந்திருக்கே. ஸ்பானரு எனக்கு வேண்டியதில்லம்மா. வேலை அப்பவே முடிஞ்சிருச்சு. என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் ஸ்பானரு கேட்டேன்."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பயிற்சியை முடித்துக்கொண்டே வா, நடுவில் விடுமுறை கொடுத்தாலும் வாங்காதே, பட்டாணி இங்கேயே இருக்கட்டும். காகிதத்தை இப்போது கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இனிமேல் காலையில் ஆணைப் பக்கம், மாலையில் ஏழு டயர் பக்கம். திருப்புகிற உத்தியோகம் பட்டாணிக்கு.

ஒன்றே ஒன்று. அந்த நான்காம் பக்கத்தை உடனே அனுப்பு. கேட்ட பிறகு பிள்ளை அழத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அப்பா கையில் பதினேழாம் நம்பர் ஸ்பானரோடு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.