சுவருக்குள் ஒரு குடித்தனம்

இந்த வீட்டை விட்டு யார் கூப்பிட்டாலும் கிளம்புவதில்லை என்று குழாய்க்காரர் முடிவெடுத்துவிட்டார். பல் துலக்கும்போது எடுத்த முடிவு என்பதால் உடனே அறிவிக்க முடியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வருவதற்குள், அவர் மனைவி வீட்டு விளம்பரத்தைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது மாடி. நல்ல வெளிச்சம். தண்ணிப் பிரச்சனையே கிடையாது. எங்க வீட்டுக்காரர் குழாய் வேலை செய்யறவர்."

அதைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதுதான் கேவலம்.

அவர் மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். பயந்து நடுங்கி வருகிறவர்களை நாற்காலி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. குரலை உயர்த்தவே மாட்டாள். "ஒண்ணுமில்லைங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பாள். எதிராளி வாயைத் திறந்துவிடுவான். கல்யாணமான நாளிலிருந்து குழாய்க்காரரிடம் பிடுங்க வேண்டியதையெல்லாம் அவள் பிடுங்கியது இந்தக் குரலில்தான்.

"முட்டி தேஞ்சு போச்சுங்க. பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சு. நாலு ரூமை யாருக்காகப் பெருக்கறது? கிளினிக் பக்கத்துலயே தரைத்தளத்துல ஒரு வீடு பார்த்திருக்கேன். படியே கிடையாது" என்றாள் அவரிடம், போனை வைத்துவிட்டு.

"பைப்பெல்லாம் எப்படி?"

"பிளாஸ்டிக்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், சொந்தத்தில் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவருடைய துக்கமும் நியாயமானதுதான். இந்த வீட்டில் ஓடும் இரும்புக் குழாய் ஒவ்வொன்றும் அவர் கையால் போட்டது. குளியலறைச் சுவருக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழையலாம். மாடிப்படி ஓரத்தில் அதற்கு ஒரு குட்டி இரும்புக் கதவு. மனசு சரியில்லாத நேரங்களில் அவர் அதற்குள் போய் இருட்டில் நின்றுகொள்வார். வீட்டின் தண்ணீர் முழுக்க அவர் காதோரமாகப் போகும். உலகத்தில் அவர் பேச்சைக் கேட்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே வேறொருத்தன் ஸ்பேனர் படுவதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

எந்தக் குழாய் எந்த அறையில் பேசும் என்பது அவருக்கு அத்துப்படி. மெல்லத் தட்டினால் சமையலறைத் தொட்டியடியில் யாரோ முனகுவார்கள். வால்வைக் கால் திருகு திருகினால் படுக்கையறைச் சுவர் பெருமூச்சு விடும். அப்புறமென்ன, வீட்டுக்குள் பேயைக் குடிவைத்துவிட்டார்.

முதலில் ஓர் இளம் ஜோடி வந்தது. வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய குழாய்க்காரர் மாடிப்படியில் வளைந்து சந்துக்குள் போனார். இரண்டு தட்டுத் தட்டினார். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் தட்டித் தட்டிப் பழகிய தோஷம், தட்டியதும் ஒரு செருமலும் வந்துவிட்டது. அந்தச் செருமல் இரும்புக்குள் இறங்கி, நீண்டு, குளிர்ந்து, வாஷ்பேசின் ஓட்டை வழியாக அந்தப் பெண்ணின் முகத்தில் வெளியேறியது. ஜோடி படியிறங்கிய வேகத்தில் கைப்பிடியே ஆடியது.

அடுத்து ஒரு வங்கி அதிகாரி. "பேயாவது, பிசாசாவது!" என்று சிரித்துக்கொண்டே நுழைந்தார். அவர் கூடத்துக்குப் போனால் தட்டல் கூடத்துக்கு வந்தது. படுக்கையறைக்குப் போனால் அங்கே காத்திருந்தது. நின்றால் நின்றது. போகும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

"இன்னிக்கும் ஏதோ சத்தமாமே" என்றாள் மனைவி சாயந்திரம். "உங்களுக்குக் கேட்டுதா?"

"நான்தான் வேலைக்குப் போயிருந்தேனே!"

"அதானே. சட்டையெல்லாம் ஒட்டடை."

"வேலை செஞ்ச எடம் அப்படி."

"பாவம். பழைய வீடோ என்னவோ" என்று அவளே தட்டிவிட்டாள். குழாய்க்காரர் அன்று இன்னொரு கரண்டி சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மூன்றாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தனிக்கட்டை. முனகல் கேட்டதும் ஓடவில்லை. நாற்காலியை இழுத்துக் குளியலறைச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரது?"

சந்துக்குள் குழாய்க்காரருக்கு வியர்த்தது. மூலக்குழாயின் இணைப்பு வழியாகக் குரல் பக்கத்தில் கேட்பது போலவே கேட்டது.

"வாய் இல்லையா? சரி. ஆமான்னா ஒரு தட்டு, இல்லேன்னா ரெண்டு தட்டு. புரிஞ்சுதா?"

வகுப்பில் கேட்டால் யாரும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிற மாதிரிக் குரல் அது. ஒரு தட்டு.

"இந்த வீட்டுல ரொம்ப நாளா இருக்கியா?"

ஒரு தட்டு.

"போக இஷ்டமில்லையா?"

குழாய்க்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஆசையாக ஒரு தட்டுத் தட்டினார்.

"நீ இங்க இருக்கறது இந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று இரண்டு தட்டுத் தட்ட ஸ்பேனரை ஓங்கினார். ஓங்கிய கை மேலேயே நின்றது.

டங்.

அவர் தட்டவில்லை. ஸ்பேனர் அந்தரத்தில் இருந்தது. சத்தம் காலடி ஆழத்திலிருந்து ஏறி வந்து, குழாயைப் பிடித்திருந்த இடது உள்ளங்கைக்குள் அதிர்ந்து, மேலே போயிற்று. தண்ணீர் உதைக்கிற சத்தம்தான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு வால்வை மூடினார். இனி எல்லாக் குழாயும் ஊமையாகத்தான் வேண்டும். தொழில் தெரிந்தவருக்கு இதில் சந்தேகமே இல்லை.

டங். இந்த முறை முதுகுக்குப் பின்னால். அங்கே குழாயே கிடையாது, வெறும் சுவர்தான்.

பக்கவாட்டில்தான் போக முடிகிற அந்தச் சந்தில் அவர் எப்படி நேராக ஓடி வந்தார் என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது. வீட்டுக்குள் வந்து விழுந்தபோது, மனைவி டீச்சரம்மா பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க. அதுக்குள்ள வேலை முடிஞ்சுதா?"

"வித்துடலாம்" என்றார் குழாய்க்காரர். "இவங்களுக்கே வித்துடலாம். இப்பவே."

"என்னங்க திடீர்னு?"

"உன் முட்டி!" என்றார், மூச்சு வாங்க. "உன் முட்டியை நெனைச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லை!"

பத்திரம் பதிவாயிற்று. சாவிக்கொத்தை டீச்சரம்மா கையில் கொடுத்தார்கள். படியில்லாத புது வீட்டில் பிளாஸ்டிக் குழாய் வாய் பேசாமல் தண்ணீர் கொடுத்தது. கதவைச் சாத்தும் சத்தத்துக்குக்கூடக் குழாய்க்காரர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். ஆனாலும் தப்பித்தோமே என்று ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியோடு ஒருநாள் சாயந்திரம் சாய்ந்திருந்தபோது மனைவி அவர் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"கிளம்புங்க. டீச்சரம்மா காத்துட்டிருப்பாங்க."

"எதுக்கு?"

"தட்டறதுக்கு."

குழாய்க்காரர் வாயைத் திறந்தார்.

"தட்டிட்டுச் செருமறது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க. நம்ம பாத்ரூம் கதவைக் கூட அப்படித்தானே தட்டுவீங்க. மொத நாளே தெரிஞ்சுபோச்சு. டீச்சரம்மா தனியா இருக்கறவங்க. பேச்சுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் கெடைக்குமான்னு கேட்டாங்க. தினம் சாயந்திரம் வருவார்னு சொல்லித்தான் வித்தேன். நீங்கதானே அந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லைன்னு தட்டினீங்க?"

"அப்போ... கடைசியா ஒரு தட்டு. அது நீதானே? சொல்லு, நீதானே?"

"நான் அவங்க பக்கத்துல நின்னுட்டிருந்தேங்க. நீங்க பார்த்தீங்களே."

குழாய்க்காரருக்கு உள்ளங்கை மறுபடியும் அதிர்ந்தது.

"டீச்சரம்மாவும் அதைத்தான் சொல்லிக் கொறைப்பட்டாங்க" என்றாள் அவள். பல் பிடுங்கும் முன்பு பேசுகிற அதே பஞ்சு போன்ற குரல். "நாம காலி பண்ணினதுலேர்ந்து அது தினம் தட்டுதாம். ஆனா எதைக் கேட்டாலும் ஆமா, ஆமாங்குதாம். பேச்சு சுவாரசியப்படலையாம். நடுவுல இல்லேன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமாம்."

"நான் போகமாட்டேன்."

"பார்த்தீங்களா, எவ்வளவு அழகா வருது! ஒண்ணுமில்லைங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

ஒரு கை சட்டைக்குள் போய்விட்டது. இன்னொரு கையும் போயிற்று. பொத்தானை அவளே போட்டுவிட்டாள். குழாய்க்காரர் கடைசியாக ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கினார்.

"அந்தச் சந்துக் கதவு பூட்டியில்ல இருக்கும்? சாவியெல்லாம்தான் குடுத்துட்டோமே. எப்படிப் போறது?"

"சாவி எதுக்கு? நீங்க போய் வாசல்ல நின்னா போதுமாம். உள்ளேயிருந்து அதுவே திறந்துவிடுதாம்."