ஜுரம் பாயும் ஒரு செம்புத் தகடும்

கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வரும் என்று தி.நகர் முழுவதையும் நம்பவைத்த ஒரே மனிதர் எங்கள் ஜுரம் பாய்தான். தொண்ணூறுகளின் கடைசியில் பாண்டி பஜார் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. நான் டிப்ளமா படித்த 'இன்ஜினியர்'. அவர் பத்தாவதோடு நின்றுபோன மெக்கானிக். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவருடைய நிஜப் பெயர் எங்கள் முதலாளிக்கே மறந்துவிட்டது.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் புறங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். "ஜுரம் கீது" என்பார். மயிலாப்பூரில் வெல்வெட் உறை தைத்துப் போர்த்தியிருந்தால் போச்சு. "மே மாசத்துல நீங்க கம்பளி போத்திக்கினு ஒக்காருவீங்களா மாமி?" என்று சண்டைக்குப் போவார். ஒருமுறை பெட்டியைத் திறந்து போட்டு, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனையும் அதன் பக்கம் திருப்பிவிட்டார். "எனக்குப்பா?" என்று வியர்த்துக் கொட்டிய வீட்டுக்காரர் பரிதாபமாகக் கேட்டார். "நீங்க பால்கனில போய் நில்லுங்க சார். இது எங்க போவும்?" என்றாரே பார்க்கலாம்!

அப்பேர்ப்பட்டவர் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்ட அன்றுதான் ரேவதி மேடம் வந்தார். மந்தைவெளிக்காரர், கல்லூரி விரிவுரையாளர். கையில் அண்ணா அமெரிக்காவிலிருந்து அனுப்பிய லேப்டாப்.

"இதுலயும் வேகம் 233ன்னு போட்டிருக்கு, எங்காத்து டெஸ்க்டாப்லயும் 233தான். அது பறக்கறது, இது தேமேன்னு நிக்கறதே! என் தீசிஸ் மொத்தமும் இதுலதான் இருக்கு. அஞ்சு வருஷ உழைப்பு. நாளைக்கு சப்மிட் பண்ணணும்."

தீசிஸை வேறெங்காவது காப்பி எடுத்து வைத்திருக்கிறாரா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? "டெஸ்க்டாப் பிராசசரையே இதுல மாட்டிட்டாப் போச்சு மேடம்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திறந்து பார்த்தேன். டெஸ்க்டாப்பில் கொக்கியை நீக்கினால் பிராசசர் கையோடு வரும். இங்கேயோ போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தது. என் திட்டம் அம்பேல். பேசாமல் மூடிவிட்டேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு செம்புத் தகடு மட்டும் மேஜையில் மிஞ்சியது. பேக்கிங் சாமான் என்று நினைத்து, அதன் மேல் மசால் வடையை வைத்துச் சாப்பிட்டேன்.

லேப்டாப்பைப் போட்டேன். வந்தது. மூன்று நிமிடத்தில் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. தீசிஸ் இருக்கும் ஹார்டு டிஸ்கைக் கழற்றி டெஸ்க்டாப்பில் மாட்டலாமென்றால் அதன் பின்களே வேறு அளவு. பாயின் தங்கை கல்யாணம் நடந்த ராயப்பேட்டை மண்டபத்துக்குப் போன் போட்டேன்.

ஷெர்வானியும் அத்தருமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் மனிதர். புறங்கையை வைத்தவர், சுட்டாற்போல இழுத்துக்கொண்டார்.

"நூத்தி நாலு கீது நைனா! உள்ள சூட்டை இழுக்கற செம்புத் தகடு இருந்துதே, எங்க?"

எண்ணெய் வழியும் தகட்டை நீட்டினேன். துடைத்து மாட்டினார். அதற்குள் மேடம் வந்துவிட்டார்.

லேப்டாப் அணையவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தீசிஸ் திறந்தது. கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, மேடம் அப்படியே நாற்காலியில் சாய்ந்து அழுதுவிட்டார்.

ஒரே 233 போட்டும் இது மட்டும் ஏன் நிற்கிறது என்று மேடம் மறுபடி கேட்க, பாய் சொன்னார்: "நம்பர் ஒண்ணா இருந்தா போதுமா மேடம்? டெஸ்க்டாப்புக்குப் பெரிய பொட்டி, தனி ஃபேன், வேணுங்கற கரண்ட். அது தின்னுட்டு ஓடும். இது பேட்டரில பொழைக்கணும், அதான் கம்மியா தின்னும். சூடு ஏறுனா தானே வேகத்தைக் கொறைச்சிக்கும். ஆமா, இத்த எது மேல வச்சி டைப் அடிக்கிறீங்க?"

"கீறல் விழக் கூடாதுன்னு ரஜாய்ப் போர்வையை நாலா மடிச்சு அது மேல வச்சுண்டு..."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் கேரம் போர்டிலிருந்து நாலு காயை எடுத்து லேப்டாப்பின் நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்தார். "இனிமே மேஜை மேல, இப்டிதான். அடில காத்து போவணும்."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே லேப்டாப்பை மோந்து பார்த்தார். "ஏன் வடை வாசனை வர்றது?"

பாய் அசரவில்லை. "கல்யாண வீட்லேர்ந்து நேரா வரேன் மேடம். என் கை வாசனை."

ஃப்ளாப்பிகளில் தீசிஸைக் காப்பி எடுத்து மேடத்தை அனுப்பியதும், ஸ்கூட்டரின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் திட்டுவார் என்று காத்திருந்தேன். "மூஞ்சி காஞ்சி கீது, வந்து துன்னு" என்று மட்டும் சொன்னார்.

மண்டபத்தில் மாப்பிள்ளை முதல் சமையல்காரர் வரை எல்லோரிடமும் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "இவுருதான் எங்க இன்ஜினியர். லேப்டாப்புன்னா இவுரு கிட்டதான் வருவாங்க."

பிரியாணியை மென்றுகொண்டே தலையாட்டினேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.